தண்டவாளத்தின் இரண்டு பேரேடுகள்

2023 ஜூன் 2 மாலை. ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்திலுள்ள பஹநாகா பஜார் நிலையத்தை நிற்காமல் கடக்க வேண்டியிருந்தது. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது; ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்டோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. இரும்புத் தாது ஏற்றி நின்ற சரக்கு ரயிலில் எக்ஸ்பிரஸ் மோதித் தடம்புரண்டது. சிதறிய பெட்டிகள் அடுத்த பாதையில் எதிர்த்திசையில் சென்ற பெங்களூரு–ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் கவிழ்த்தன. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரதமர் நேரில் வந்தார். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். சிபிஐ ரயில்வே ஊழியர்கள் மூவரைக் கைதுசெய்தது. எந்தக் கம்பி எந்தப் பணியின்போது எப்படித் தவறாக இணைக்கப்பட்டது என்பதுவரை ஆராய்ந்து அறிக்கை எழுதப்பட்டது.

அதே 2023ஆம் ஆண்டில் நாடெங்கும் ரயில் தொடர்பான விபத்துகளில் இறந்தவர்கள் 21,803 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாளொன்றுக்கு ஏறக்குறைய அறுபது பேர். ஐந்து நாளுக்கு ஒரு பஹநாகா. இவர்களில் மிகப் பெரும்பாலோர் விஷயத்தில் ஆணையர் எவரும் வரவில்லை. ரயில்வே போலீஸ் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்தது. பிரேதப் பரிசோதனை நடந்தது. அடையாளம் தெரிந்திருந்தால் உடல் வீட்டுக்குப் போனது. நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி வந்திருக்கலாம்.

இந்திய ரயில் பாதுகாப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைப்பது இதனால்தான். ரயிலுக்கு நேர்ந்த விபத்துகளின் பேரேட்டைத் திறந்தால் இருபது ஆண்டுகளாக முன்னேற்றம் தெரிகிறது. ரயிலால் மனிதர்களுக்கு நேர்ந்தவற்றின் பேரேட்டைத் திறந்தால், உலகின் எந்தப் பெரிய ரயில் அமைப்பும் தலைகுனிய வேண்டிய எண்கள் இருக்கின்றன. முதல் பேரேட்டில் எண்கள் குறைந்ததற்குக் காரணமான விசாரணையும் பணமும் பொறுப்பும் இரண்டாவது பேரேட்டுப் பக்கம் வந்ததே இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

குறைந்த எண்

முதல் பேரேட்டின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் துயரமான ஓர் இடம் உண்டு. 1956 செப்டம்பரில் மெஹபூப்நகர் அருகே பாலம் சரிந்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இரண்டே மாதத்தில், நவம்பர் 23 அதிகாலையில், அரியலூருக்கு அருகே வெள்ளம் பெருகிய மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். இம்முறை சாஸ்திரியின் விலகல் ஏற்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையே கடல் அடித்துச் சென்றது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி இன்னும் மோசம். 1995இல் ஃபிரோசாபாதில், விலங்கின் மீது மோதி நின்றுவிட்ட காளிந்தி எக்ஸ்பிரஸ் பாதையிலேயே இருக்கும்போது பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்கு வழி விடப்பட்டது: 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1998இல் பஞ்சாபின் கன்னா அருகே உடைந்த தண்டவாளம் 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசலில் இரண்டு ரயில்கள் ஒரே பாதையில் எதிரெதிரே மோதிக்கொண்டன. அமைச்சர் நிதிஷ் குமார் பதவி விலகினார்.

இம்முறை ராஜிநாமாவோடு விஷயம் முடியவில்லை. நீதிபதி எச்.ஆர். கன்னா தலைமையிலான குழு, காலம் கடந்த தண்டவாளங்களும் பாலங்களும் சிக்னல்களும் மலைபோல் குவிந்து கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. 2001இல் 17,000 கோடி ரூபாயில் சிறப்பு ரயில்வே பாதுகாப்பு நிதி உருவானது. அதில் ஒரு பகுதி, பயணச்சீட்டில் விதித்த கூடுதல் கட்டணமாகப் பயணிகளின் சட்டைப்பையிலிருந்தே வந்தது.

அந்தப் பணம் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குப் போனது. முன்னால் சென்ற ரயில் முழுதாகப் போய்விட்டதா என்பதை ஸ்டேஷன் மாஸ்டரின் கண்ணுக்கும் நினைவுக்கும் விட்டுவிடாமல், அச்சுகளை எண்ணும் கருவி உறுதிசெய்தது. தண்டவாளத்தின் உள்விரிசலை மீயொலிக் கருவி தேடியது. சுத்தியலும் சாவியுமாக நடந்துபோகும் கீமேன் கண்டுபிடிக்க முடியாத குறைகள் அதில் சிக்கின. பெட்டிகளும் மாறின. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் செய்துவந்த பழைய வடிவப் பெட்டி, மோதலின்போது இன்னொரு பெட்டியின் மேல் ஏறிக்கொள்ளக் கூடியது. அதன் தயாரிப்பு 2018இல் நின்றது. அதனிடத்தில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளின் இணைப்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைத் தடுக்கிறது.

பலன் கண்கூடு. உயிர்ச்சேதமோ பெரும் பொருட்சேதமோ விளைவித்த ரயில் விபத்துகள் 2000–01இல் 473. 2014–15இல் 135. 2023–24இல் 40. 2024–25இல் 31. ரயில்களும் பயணிகளும் சரக்கும் பெருகிய காலத்தில் நிகழ்ந்த வீழ்ச்சி இது. அரசியல் கட்சிகள் இதற்கு உரிமை கோரிச் சண்டையிடலாம். எண் குறைந்தது உண்மை.

இந்தப் பேரேட்டிலும் ஓட்டைகள் உண்டு. 2017–18இல் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் கோடி ரூபாய்ப் பாதுகாப்பு நிதியைத் தணிக்கைத் துறை ஆராய்ந்து 2022இல் அறிக்கை தந்தது. தண்டவாளத்தின் நிலையைப் பதியும் வண்டிகள் செய்ய வேண்டிய ஆய்வுகளில் 30 முதல் 100 சதவீதம்வரை பாக்கி. பாதுகாப்புக்கென ஒதுக்கிய பணத்தில் கால் பிடித்துவிடும் கருவியும் பாத்திரங்களும்கூட வாங்கப்பட்டிருந்தன. பஹநாகாவுக்கு நான்கு மாதம் முன்பு, 2023 பிப்ரவரியில், கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் இதேபோல் சிக்னல் ஒரு பாதையையும் பாயிண்ட் இன்னொரு பாதையையும் காட்டின. லோகோ பைலட் கவனித்து நிறுத்தியதால் உயிர்கள் தப்பின. தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் எச்சரித்துக் கடிதமும் எழுதினார். 2024 ஜூனில் மேற்கு வங்கத்தின் ரங்காபானி அருகே, தானியங்கி சிக்னல்கள் பழுதான பாதையில் தாளில் எழுதிய அனுமதியோடு ஓடிய சரக்கு ரயில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் மோதியது. அத்தகைய நேரத்தில் எப்படி ஓட்டுவது என்று ஓட்டுநர்களுக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்றது விசாரணை.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘கவச்’ எங்கே என்ற கேள்வி எழுகிறது. ஓட்டுநர் சிவப்பைத் தாண்டினால் தானே பிரேக் போடும் உள்நாட்டுக் கருவி அது. 2016இல் சோதனை தொடங்கி 2020இல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 69,000 கி.மீ. நீளமுள்ள வலைப்பின்னலில், 2024 வரை தென்மத்திய ரயில்வேயின் 1,465 கி.மீ. பாதைதான் அதன் எல்லையாக இருந்தது. ஆனால் கவச் சிக்னலை நம்பி இயங்குவது. பஹநாகாவில் பொய் சொன்னது சிக்னல்தான். கருவி எவ்வளவு நல்லதானாலும் அதன் அடியிலுள்ள கம்பியைச் சரியாக இணைக்கும் கைகளுக்கும் சரிபார்க்கும் கண்களுக்கும் மாற்றில்லை.

குறைகள் இருந்தாலும் இந்தப் பேரேட்டில் ஒரு நடைமுறை இருக்கிறது. விபத்து நடந்தால் காரணம் கண்டுபிடிக்கப்படும். காரணத்துக்குப் பெயர் வைக்கப்படும். அது மறுபடி நேராமலிருக்கப் பணம் கேட்கப்படும். மெதுவாகவும் அரைகுறையாகவும் நடந்தாலும் நடக்கிறது.

எது விசாரணைக்கு உரியது?

இந்த நடைமுறைக்கே ஒரு விபத்துதான் வலுச்சேர்த்தது. 1937 ஜூலையில் பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் ரயில் தடம்புரண்டு நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதிவேகத்தில் பக்கவாட்டில் ஆடிப் பாதையையே நெளித்துவிடும் எக்ஸ்.பி. வகை நீராவி எஞ்சின் மீது பழி விழுந்தது. அந்த எஞ்சின்களை ஆராய்ந்த குழு இன்னொன்றையும் சொன்னது: ரயில்வே வாரியத்தின் கீழே வேலைபார்க்கும் ஆய்வாளர் அந்த வாரியத்தின் தவற்றை எப்படி விசாரிப்பார்? 1941இல் ஆய்வாளர்கள் ரயில்வேயிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். இன்று ரயில்வே பாதுகாப்பு ஆணையம் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குவதன் பின்கதை இது. ஆணையர்கள் ரயில்வே பணிகளிலிருந்தே வருகிறார்கள் என்ற குறை நீடித்தாலும், விசாரிப்பவர் தனித்திருக்க வேண்டும் என்ற கொள்கை அன்றே ஏற்கப்பட்டது.

ஆனால் அவர் எதை விசாரிப்பார் என்பதற்கு ஒரு வேலி உண்டு. பயணி ரயிலில் உயிரிழப்போ கொடுங்காயமோ பெரும் பொருட்சேதமோ நேர்ந்தால் அது பாரதூரமான விபத்து, ஆணையர் விசாரிப்பார். பாதையில் அத்துமீறி நுழைந்து தம் கவனக்குறைவால் அடிபட்டோரும், தம் கவனக்குறைவால் இறந்த பயணிகளும் இந்த வகையில் சேரமாட்டார்கள் என்கின்றன 1998ஆம் ஆண்டு விசாரணை விதிகள். கவனக்குறைவா இல்லையா என்பது விசாரணையின் முடிவில் தெரிய வேண்டியது. இங்கே அதுவே விசாரணை வேண்டாம் என்பதற்கான காரணமாகிவிடுகிறது.

2018 அக்டோபர் 19 இரவு அமிர்தசரஸில் இந்த வேலி வெளிப்படையாகத் தெரிந்தது. ஜோடா பாடக் அருகே தசராவுக்கு ராவணன் உருவம் எரிவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் தண்டவாளத்தில் நின்றிருந்தது. வந்த ரயில் அறுபது பேரளவில் கொன்றது. இது ரயில் விபத்தல்ல, அத்துமீறல்; ஆணையர் விசாரணைக்கு இடமில்லை என்பதே ரயில்வேயின் முதல் பதில். எதிர்ப்பு எழுந்தபின் நடந்த விசாரணை, மக்களின் அலட்சியமே காரணம் என்று முடித்தது. பாதையை ஒட்டிய திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடப்போவது நிலையத்துக்கும் கேட் கீப்பருக்கும் ஓட்டுநருக்கும் ஏன் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை, தெரிவிக்க என்ன ஏற்பாடு வேண்டும் என்பதே பயனுள்ள கேள்வி. பழி யாருக்கு என்ற விடையோடு அந்தக் கேள்வி அமுங்கிவிட்டது.

இரண்டாவது பேரேடு

ஆவணக் காப்பகத்தின் எண்களை வரிசையாகப் பார்ப்போம். 2019இல் 24,619 பேர். 2020இல் 11,968. 2021இல் 16,431. 2022இல் 20,792. 2023இல் 21,803. ரயிலிலிருந்து விழுந்ததும் பாதையில் ரயில் மோதியதும் சேர்ந்து இவற்றில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்குவரை வருகின்றன. தற்கொலை இந்தக் கணக்கில் சேராது; அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. ஆனால் சடலத்தருகே நின்று எது தற்கொலை, எது தவறி விழுந்தது என்று முடிவுசெய்பவர் ஒரு ரயில்வே போலீஸ் உதவி ஆய்வாளர்தான். அதனால் இரண்டு பட்டியலுக்கும் நடுவிலுள்ள கோடு உறுதியானதல்ல.

2020ஆம் ஆண்டின் எண்ணைத் தனியே பார்க்க வேண்டும். பல மாதங்கள் வழக்கமான பயணி ரயில்கள் ஓடவில்லை. ஆனாலும் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர் இறந்தார்கள். அவ்வாண்டு மே 8 அதிகாலையில், ஜால்னாவிலிருந்து பாதை வழியே நடந்து களைத்து கர்மாட் அருகே தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் பதினாறு பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. ரயிலே வராது என்று நம்பியவர்கள் அவர்கள்.

இந்த எண்கள் எல்லா ஊர்களுக்கும் சமமாகப் பரவியவை அல்ல. மும்பையின் புறநகர் ரயிலில் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போய்வருகிறார்கள். உச்ச நேர நெரிசலுக்கு அங்கே அதிகாரபூர்வ அளவே உண்டு: ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர். 2023இல் அந்தப் பாதைகளில் 2,590 பேரும் 2024இல் 2,468 பேரும் இறந்தனர். இருபது ஆண்டுகளில் 51,000க்கும் மேல் என்கிறது 2025இல் வெளியான அதிகாரபூர்வக் கணக்கு. ஒரு மாநகரம் தன் மக்கள் வேலைக்குப் போய்வரும் வழியில் கொடுத்த விலை இது. பயணிகளைக் கால்நடைகளைவிட மோசமாக ஏற்றிச்செல்வதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்ற பொருளில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் கடிந்துகொண்டது.

2025 ஜூன் 9 காலை திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் இடையிலுள்ள வளைவில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே கடந்தபோது, இரண்டிலும் படியில் தொங்கியவர்கள் ஒருவரோடொருவர் உரசிக் கீழே விழுந்தனர், உயிர்கள் போயின. சென்னைக்கு இது புதிதல்ல. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், வழக்கமான பாதையிலிருந்து விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்ட மின்சார ரயிலின் படியில் தொங்கியவர்கள் நடைமேடையின் பக்கச்சுவரில் மோதி இறந்தார்கள். அவர்கள் அன்றாடம் தொங்கிய அதே படிதான். அன்றைக்குப் பக்கத்தில் சுவர் இருந்தது. அதை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இந்தப் பேரேட்டில் ரயில்வேயின் சொந்த மக்களும் இருக்கிறார்கள். அணு விஞ்ஞானி அனில் காகோட்கர் தலைமையில் 2011இல் அமைந்து 2012 பிப்ரவரியில் அறிக்கை தந்த உயர்மட்டக் குழு, 2007–08 முதல் 2011 அக்டோபர்வரை பணியின்போது இறந்த ரயில்வே ஊழியர் சுமார் 1,600 பேர் என்று எழுதியது. அதே காலத்தில் ரயில் விபத்துகளில் இறந்தோர் அதைவிடக் குறைவு. இறந்த ஊழியர்களில் பலர் தண்டவாளப் பராமரிப்பில் இருந்த டிராக்மேன்கள். ஒரு பாதையில் வரும் ரயிலுக்கு ஒதுங்கி அடுத்த பாதைக்குப் போய், அங்கே வந்த ரயிலில் அடிபடுவது அவர்களுக்கு நேரும் மரணத்தின் வழக்கமான வடிவம். பயணியைக் காக்கும் வேலையில் இருந்தவரே ரயில் விபத்தில் சிக்கிய பயணியைவிட அதிகம் செத்தார்.

பாதையில் அடிபட்டு ஆண்டுதோறும் சுமார் 15,000 பேர் இறக்கிறார்கள், அதில் ஏறத்தாழ 6,000 பேர் மும்பையில் என்று கணக்கிட்ட அதே குழு, நாகரிகமுள்ள எந்தச் சமூகமும் இத்தகைய படுகொலையை ஏற்காது என்று கடுமையாகவே எழுதியது. ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் செலவு, ரயில்வேக்கு வெளியே சட்ட அதிகாரமுள்ள பாதுகாப்பு ஆணையம் என்று இரண்டு பெரிய பரிந்துரைகள் வந்தன. பணம் தாமதமாக வந்தது. சட்ட அதிகாரமுள்ள ஆணையம் இன்னும் வரவில்லை.

தப்பு யாருடையது?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். தண்டவாளத்தைக் கடப்பது குற்றம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு ஆறு மாதம்வரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. படியில் தொங்குவதும் கூரையில் ஏறுவதும் 156ஆம் பிரிவின்படி குற்றம். மேம்பாலம் இருக்கும்போதே குறுக்கே ஓடுபவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காதில் பாட்டோடு நடப்பவருக்கு ரயில்வே எப்படிப் பொறுப்பாகும்?

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கையாண்டுவருகின்றன. 1994இல் சேர்க்கப்பட்ட 124-ஏ பிரிவின்படி, பயணி ரயிலிலிருந்து தவறி விழுந்தால் ரயில்வேயின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 2017 முதல் அது எட்டு லட்சம் ரூபாய். வாசலில் நின்றது கவனக்குறைவாக இருக்கலாம், குற்றமாகாது என்றது உச்ச நீதிமன்றம் 2010இல். ஓடும் ரயிலில் ஏற முயன்று விழுந்தவரின் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று 2008இல் சொல்லியிருந்தது. சடலத்தில் பயணச்சீட்டு கிடைக்காததை வைத்தே அவர் பயணியல்ல என்று தள்ள முடியாது என்று 2018இல் தெளிவாக்கியது. விழுந்தவரின் தப்பைத் தேடுவதைவிட அவர் விழக்கூடிய நிலையில் ரயில் ஓடியதைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தத் தீர்ப்புகளின் போக்கு. ஆனால் நீதிமன்றம் தரக்கூடியது செத்தபின் பணம்தான். பாதையைக் கடக்கையில் அடிபட்டவரின் குடும்பத்துக்கு இந்தப் பிரிவில் அதுவும் இல்லை.

மறுப்புக்கு மேலும் வலுவான பதில் ரயில்வேயின் சொந்த அனுபவத்திலேயே இருக்கிறது: ஆளில்லா ரயில்வே கேட்.

அங்கும் தப்பு வாகன ஓட்டியுடையது என்றுதான் சட்டம் சொன்னது. வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ரயில் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே கடக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு. அலட்சியமாகக் கடந்தால் ஓராண்டுவரை சிறை என்கிறது ரயில்வே சட்டம். விளம்பரங்களும் தெருநாடகங்களும் நடந்தன. சாவு நிற்கவில்லை. 2014 ஜூலையில் மேடக் மாவட்டம் மாசாயிபேட்டையில் பள்ளிப் பேருந்து அடிபட்டது. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் வேனில் வந்த 13 குழந்தைகள் இறந்தனர். பிறகு பிரசங்கத்தைவிட வேலை வேகம்பிடித்தது. சுரங்கப்பாதை தோண்டப்பட்டது, மேம்பாலம் எழுந்தது, சில இடங்களில் ஆள் நியமிக்கப்பட்டது, சில கேட்கள் மூடப்பட்டன. 2019 ஜனவரி 31க்குள் அகலப் பாதைகளில் ஆளில்லாக் கேட்கள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. வாகன ஓட்டிகள் திடீரென்று பொறுப்பானவர்களாகிவிடவில்லை. அவர்களுடைய பொறுப்பின்மை உயிரைப் பறிக்காத இடமாகப் பாதை மாற்றப்பட்டது.

இந்த வெற்றியும் முழுமையானதல்ல. 2021இல் கேட் விபத்துகளில் இறந்தவர்கள் 1,807 பேர் என்று ஆவணக் காப்பகம் பதிந்தது; ரயில்வேயின் ஏட்டில் அதற்கு அருகில்கூட ஓர் எண் இல்லை. ஒரே கேட்டில் நிகழும் சாவைப் பற்றியே இரண்டு அரசு ஏடுகள் ஒத்துப்போகவில்லை என்றால், மீதிப் பாதையைப் பற்றி என்ன சொல்வது? ஆள் இருக்கும் கேட்டும் போதாது. 2025 ஜூலை 8 காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், கேட் கீப்பர் இருந்தும் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் உயிரிழந்தனர். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற இன்டர்லாக்கிங் பிணைப்பு அந்தக் கேட்டில் இல்லை. ஒரு மனிதரின் விழிப்பை மட்டும் நம்பிய அமைப்பு அது. கேட் கீப்பர் கைதானார். மேலும் பல கேட்களுக்கு அந்தப் பிணைப்பு வேண்டும் என்ற முடிவு பிறகு வேகம்பிடித்தது. அந்த முடிவுதான் அடுத்த வேனைக் காக்கும்.

மும்பை வடாலாவில் 2010இல் நடந்த சிறு சோதனையும் இதையே காட்டுகிறது. மனித நடத்தையை ஆராயும் நிறுவனம் ஒன்று அங்கே பாதையைக் கடப்பவர்களைக் கவனித்தது. பெரிய பொருள் தொலைவில் வரும்போது அதன் வேகம் குறைவாகத் தோன்றும், கண் ஏமாறும். எனவே சில ஸ்லீப்பர்களுக்கு மஞ்சள் பூசினார்கள், வேகம் கண்ணுக்குப் புலப்படுவதற்காக. நீண்ட ஒரே ஊதலுக்குப் பதிலாக ஹாரனை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்தார்கள். சக்கரத்தில் சிக்கப்போகும் மனிதரின் அலறும் முகத்தைப் படமாக வைத்தார்கள். அங்கே சாவு வெகுவாகக் குறைந்தது. செலவு அற்பம். கவனக்குறைவு என்று ஏட்டில் எழுதப்படுவதில் ஒரு பகுதி, திருத்தக்கூடிய கண்ணின் பிழை.

ஒரே பேரேடாக்குவது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் சேர்த்து, தற்கொலை நீங்கலாக, ரயில் விபத்துகளில் 2022இல் இறந்தவர்கள் 808 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் அனுமதியின்றிப் பாதையில் வந்தவர்களே. வேறுபாடு அங்கே எண்ணும் முறையில் இருக்கிறது. பயணி, ஊழியர், கேட்டைக் கடப்பவர், அனுமதியின்றி நுழைந்தவர் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் பாதுகாப்பு இலக்கு தனியாக விதிக்கப்பட்டிருக்கிறது. அத்துமீறியவரின் சாவும் ரயில் அமைப்பு பதில் சொல்ல வேண்டிய எண். ஐரோப்பாவின் பணமும் மக்கள்தொகையும் வேறு. அந்த எண்ணை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கு முறையைப் பின்பற்றப் பணம் தேவையில்லை.

செய்யத்தக்கவற்றில் முதலாவது தகவல். பாதையோர மின்கம்பங்களின் எண்ணை வைத்து, சடலம் கிடந்த இடத்தை ரயில்வே போலீஸ் துல்லியமாகவே எழுதுகிறது. அந்தக் குறிப்புகள் மாநிலக் காவல் துறையின் கோப்புகளில் தூங்குகின்றன. சட்டம் ஒழுங்கு மாநிலத்துடையது, பாதை மத்திய அரசுடையது என்ற பிரிவினையால் இரண்டும் சேர்வதில்லை. எந்தக் கிலோமீட்டரில், எந்த நேரத்தில், எப்படி என்று மாதந்தோறும் வெளியிட்டால், ஆண்டுக்கு ஐந்து பேர் சாகும் இடங்கள் வரைபடத்தில் தாமே தெரிந்துவிடும்.

இரண்டாவது விசாரணை. இருபதாயிரம் மரணங்களையும் ஆணையரே விசாரிக்க முடியாது. ஆனால் ஒரே இடத்தில் தொடர்ந்து மரணம் நேர்ந்தால் அந்த இடம் விசாரணைக்கு உரியது என்று விதியைத் திருத்தலாம். மேம்பாலம் எவ்வளவு தள்ளி இருக்கிறது? படிக்கட்டை முதியவர் ஏற முடியுமா? பாதைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பும் அந்தப் பக்கம் பள்ளியும் தண்ணீர்க் குழாயும் இருக்கின்றனவா? இருக்கின்றன என்றால் அங்கே நடப்பது அத்துமீறல் மட்டுமல்ல. நகரத் திட்டமிடலின் தோல்வியும்கூட. அதன் பொறுப்பில் மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் பங்குண்டு.

மூன்றாவது, கதவும் இடமும். மும்பை குளிர்சாதன மின்சார ரயில்களில் தானாக மூடும் கதவு 2017 டிசம்பரிலேயே வந்துவிட்டது. மும்ப்ரா மரணங்களுக்குப் பிறகுதான் மற்ற புதிய மும்பை ரயில்களுக்கும் அது அறிவிக்கப்பட்டது. கதவை மூடினால் வெளியே தொங்கியவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கும் விடை வேண்டும். கூடுதல் ரயில்களும், நீண்ட தூர வண்டிகளில் கூடுதல் முன்பதிவில்லாப் பெட்டிகளும் இல்லாமல் கதவு மட்டும் வந்தால், சாவு கதவிலிருந்து நடைமேடைக்கு இடம் மாறும். 2017இல் மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்திலும் 2025 பிப்ரவரியில் புதுதில்லி நிலையத்திலும் நெரிசலில் சிக்கி இறந்தவர்கள் அந்த ஆபத்துக்குச் சான்று.

நான்காவது, பதில் சொல்லும் பொறுப்பு. காகோட்கர் குழு கேட்ட சட்டபூர்வ ஆணையம் வரும்போது, அதன் வரம்பு ரயிலுக்கு உள்ளே முடிந்துவிடக் கூடாது. பாதையில் அடிபட்டவரும் பணியில் இறந்த டிராக்மேனும் அதன் கணக்கில் வர வேண்டும்.

ரயில் விபத்துகள் 135லிருந்து 31ஆகக் குறைந்ததை அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் சொல்கிறார்கள். சொல்லத்தக்க சாதனைதான். அதே உரையில் பாதையில் இறந்தவர்களின் மொத்த எண்ணையும், அதைக் குறைக்க ஒதுக்கிய தொகையையும், அடுத்த ஆண்டுக்கான இலக்கையும் சேர்த்துச் சொல்லும்படி உறுப்பினர்கள் கேட்க வேண்டும். இலக்கு அறிவிக்கப்பட்டால் அதை எட்டத் தவறியதற்கு யாராவது விளக்கம் தர வேண்டிவரும். விளக்கம் கேட்கப்பட்ட இடத்தில்தான் இதுவரை சாவு குறைந்திருக்கிறது.